வெயில் காலத்தில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: பட்டறையில் ஓயாமல் கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் கியர்பாக்ஸ் வேலை மட்டும் பார்க்கும் சிறிய பட்டறை என்னுடையது. சித்திரை பிறந்துவிட்டால் தொலைபேசி ஓயாது. கரூர், தாராபுரம், பொள்ளாச்சி, கோபி என்று எங்கிருந்து அழைத்தாலும் சந்தேகங்கள் ஏறத்தாழ ஒன்றேதான். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசிவிட்டு வைத்த பிறகு, முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று மனம் அடித்துக்கொள்ளும். அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். எளிய சந்தேகங்கள் முதலில் வருகின்றன. போகப் போகச் சிக்கலானவை.

வெளியே 41 டிகிரி வெயில் அடிக்கிறது. கியர்பாக்ஸ் சூடாவது அதனால்தானா அண்ணா?

இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் கியர்பாக்ஸின் எண்ணெய் மார்கழி மாதத்தில்கூட 80 டிகிரியைத் தொட்டுவிடும். அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெயிலுக்குப் பேர்போன க.பரமத்தியின் வெயிலே குளிர்ச்சிதான். வெயில் செய்யும் கெடுதல் வேறு. உள்ளே உண்டாகும் சூட்டை வெளியே தள்ளும் வேலை ரேடியேட்டருடையது. அதில் ஓடும் கூலன்ட் 90 டிகிரி, வெளிக்காற்று 25 டிகிரி என்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 65. அந்த வித்தியாசம்தான் சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. காற்றே 42 டிகிரி ஆகிவிட்டால் வித்தியாசம் 48ஆகச் சுருங்கிவிடும். ரேடியேட்டரின் திறனில் கால் பங்கு போய்விட்டது என்று பொருள்.

தை மாதத்தில் ஓட்டுநர் செய்த தவறுகளை எல்லாம் கியர்பாக்ஸ் பொறுத்துக்கொண்டிருக்கும். அதே தவறுகளைக் கத்திரி வெயிலில் பொறுக்காது.

அப்படியென்றால் அந்தச் சூடு எங்கிருந்துதான் வருகிறது?

வழுக்கலிலிருந்து. இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலும். இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே இருந்து விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வேலை செய்வது இப்படித்தான். காற்றுக்குப் பதிலாக எண்ணெய். தள்ளும் பக்கம் வேகமாகவும் தள்ளப்படும் பக்கம் மெதுவாகவும் சுற்றும்போது, நடுவில் வீணாகும் விசை சூடாக மாறி எண்ணெயில் இறங்குகிறது. சீரான வேகம் வந்ததும் உள்ளே உள்ள ஒரு கிளட்ச் இரண்டு பக்கத்தையும் பூட்டிவிடும். பெருந்துறையிலிருந்து அவினாசி வரை உச்சி வெயிலில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் கியர்பாக்ஸ் சுகமாக இருப்பது இதனால்தான். அதே கார் மாலை ஆறு மணிக்குக் கோவை காந்திபுரத்தில் ஊர்ந்தால் சூடேறிவிடும்.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதை நான் போர்வெல் மோட்டாரை வைத்துச் சொல்வேன். நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விப்பது அதைச் சுற்றி ஓடும் தண்ணீர். தண்ணீர் இறங்கிப்போய் மோட்டார் வெறுமனே ஓடினால் அதன் கம்பிச் சுருள் கருகிவிடும். கியர்பாக்ஸுக்கு அந்தத் தண்ணீரின் இடத்தில் இருப்பது எண்ணெய். விசையைக் கடத்துவது, கிளட்சுகளை அழுத்திப் பிடிப்பது, உராய்வைக் குறைப்பது, சூட்டை வெளியே சுமந்து செல்வது என்று நான்கு வேலையும் அந்த ஒரே எண்ணெய்தான் செய்கிறது. எண்ணெய் கெட்டால் நான்கும் சேர்ந்தே கெடும்.

என் காரில் இருப்பது எந்த வகை ஆட்டோமேட்டிக் என்றே எனக்குத் தெரியவில்லை. அது தெரிய வேண்டுமா?

கட்டாயம் தெரிய வேண்டும். நம் சாலைகளில் நான்கு வகை ஓடுகின்றன. மேலே சொன்ன டார்க் கன்வெர்ட்டர் ஒன்று. இரும்புப் பட்டை இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓடும் சிவிடி இரண்டாவது. சாதாரண கியர்பாக்ஸையே வைத்து, கிளட்சை மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் ஒரு கருவியிடம் ஒப்படைத்த ஏஎம்டி மூன்றாவது. இரண்டு கிளட்சுகளை மாற்றி மாற்றிப் பிடிக்கும் டிசிடி நான்காவது. முதல் இரண்டிலும் சூடாவது எண்ணெய். ஏஎம்டியில் சூடாவது கிளட்ச் தட்டு. டிசிடியில் உலர் கிளட்சாக இருந்தால் தட்டு. எண்ணெயில் நனையும் கிளட்சாக இருந்தால் எண்ணெய்.

கியர் குச்சியில் 'பி' (பார்க்) என்ற இடமே இல்லையென்றால் அது பெரும்பாலும் ஏஎம்டி. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இன்ஜின் சத்தம் ஒரே சுருதியில் நிற்க, வேகம் மட்டும் கூடினால் சிவிடி. மற்ற இரண்டையும் ஓட்டிப் பார்த்துப் பிரித்தறிவது கடினம். காரோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். கார் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே கிரெட்டாவை டீசலில் டார்க் கன்வெர்ட்டராகவும், பெட்ரோலில் சிவிடியாகவும், டர்போ பெட்ரோலில் டிசிடியாகவும் விற்றிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரியான அறிவுரை உங்களுக்குப் பொருந்தாமல் போவது இப்படித்தான்.

எத்தனை டிகிரி வரை பயமில்லை? டேஷ்போர்டில் எதுவும் காட்டுவதில்லையே?

எண்ணெய் வகைகளுக்கு 80 முதல் 95 டிகிரி வரை இயல்பான சூடு. மலை ஏறும்போது 105, 110 வரை போய்ச் சமவெளிக்கு வந்ததும் இறங்கிவிட்டால் கவலை வேண்டாம். 120க்கு மேல் நீடித்து நின்றால் எண்ணெய் பிசினாகப் படியத் தொடங்கும். ரப்பர் சீல்கள் இறுகும். 80 டிகிரியைத் தாண்டிய ஒவ்வொரு 10, 11 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. இன்றைய எண்ணெய்கள் அதைவிடத் தாக்குப்பிடிக்கும் என்றாலும், சூடு ஆயுளை எந்த வேகத்தில் தின்னும் என்று புரிந்துகொள்ள அந்தக் கணக்கு போதும்.

டேஷ்போர்டில் உள்ள முள் இன்ஜினுக்கு உரியது. கியர்பாக்ஸின் கதையை அது சொல்லாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, மெக்கானிக் ஸ்கேனரை மாட்டும் ஓபிடி துளையில் செருகும் சிறு கருவி ஒன்றை வாங்கிக் கைப்பேசியோடு இணைத்தால், பல கார்களில் கியர்பாக்ஸ் எண்ணெயின் சூடு தெரியும். அடிக்கடி மலை ஏறுபவர்கள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்னலில் நிற்கும்போது 'டி'யிலேயே (டிரைவ்) வைப்பதா, 'என்'னுக்கு (நியூட்ரல்) மாற்றுவதா?

ஒரு நிமிடத்துக்குள் பச்சை விழும் என்றால் 'டி'யில் வைத்து பிரேக்கை அழுத்தமாக மிதித்திருங்கள். ரயில்வே கேட், ஊர்வலம், விபத்து நெரிசல் என்று பல நிமிடம் நிற்க நேர்ந்தால் 'என்'னுக்கு மாற்றிக் கைப்பிரேக் போடுங்கள். நிற்பதால் ஏறும் சூடு சொற்பம்.

கெடுப்பது ஊர்வதுதான். முன்னால் உள்ள கார் ஓர் அடி நகர்ந்தால் நாமும் ஓர் அடி நகர்வது, பிரேக்கை அரைகுறையாக விட்டுத் தவழ்வது. ஏஎம்டியிலும் டிசிடியிலும் அந்த ஓர் அடிக்காகக் கிளட்ச் ஒவ்வொரு முறையும் பாதி பிடித்து வழுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு கார் நீளம் இடம் கிடைக்கட்டும். பிறகு ஒரே மூச்சில் நகர்ந்து நில்லுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவருக்காக உங்கள் கிளட்சைத் தேய்க்க வேண்டாம்.

மேட்டில் நிற்கும்போது பிரேக் போடாமல், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்துக்கொள்வேன். அது தவறா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். இதைவிடக் கொடுமையான பழக்கம் வேறில்லை. அந்த நேரத்தில் சக்கரம் சுற்றவில்லை, இன்ஜின் சுற்றுகிறது. அதன் விசை முழுவதும் ஓரிடத்தில் சூடாக மாறுகிறது. டார்க் கன்வெர்ட்டரைச் சோதிக்க பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து மிதிக்கும் ஒரு சோதனை உண்டு. அதையே 5 விநாடிக்கு மேல் செய்யக் கூடாது என்று சர்வீஸ் புத்தகங்கள் வரம்பு போட்டிருக்கின்றன. மேட்டு நெரிசலில் ஒருவர் அதன் மிதமான வடிவத்தை அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று செய்துகொண்டிருக்கிறார்.

போன வைகாசியில் ஏஎம்டி கார் ஒன்று பட்டறைக்கு வந்தது. ஓடியது 22,000 கிலோமீட்டர்தான். கியர்பாக்ஸை இறக்கியதும் கருகிய வாடை பட்டறை முழுவதும் பரவியது. கிளட்ச் தட்டின் உரசும் பரப்பு ஆணித்தலை வரை தேய்ந்திருந்தது. அதை அழுத்தும் இரும்புத் தட்டில் மயில் கழுத்து நிறத்தில் நீலத் திட்டுகள். இரும்பு அந்த நிறத்துக்கு வர ஏறத்தாழ 300 டிகிரி வேண்டும். ஓட்டியவர் நல்ல பொறுமைசாலி. வேகமாக ஓட்டுபவரே அல்ல. வீட்டுக்குப் போகும் வழியில் ரயில்வே பாலத்தின் ஏற்றத்தில் தினமும் நெரிசல். தினமும் ஆக்ஸிலரேட்டரால் பிடித்து நிறுத்தியிருக்கிறார். வண்டி பின்னால் உருளும் என்ற பயம்தான் காரணம்.

அந்தப் பயத்துக்கு மருந்து கைப்பிரேக். இழுத்து வையுங்கள், கிளம்பும்போது ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, வண்டி முன்னால் இழுப்பதை உணர்ந்ததும் விடுங்கள். மேட்டில் வண்டியைப் பிடித்துக்கொள்ளும் வசதி உங்கள் காரில் இருந்தாலும், அது இரண்டு மூன்று விநாடிதான் பிடிக்கும். அதை நம்பி நிற்க முடியாது.

வால்பாறை போகிறோம். 'டி'யில் போட்டுவிட்டு ஓட்டினால் போதாதா?

சாலை காலியாக இருந்தால் போதும். ஆனால் ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, குடும்பத்தோடு ஆறேழு பேர், மேலே மூட்டை, சித்திரைக் கூட்டம் என்றால் கியர்பாக்ஸ் இரண்டாவதா மூன்றாவதா என்று தடுமாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு வழுக்கல். நீங்களே இரண்டாவது கியரில் நிறுத்திவிடுங்கள். கொண்டை ஊசியில் முதல் கியர். இதற்கான இடம் கியர் குச்சியில் காரைப் பொறுத்து 'எல்', 'எஸ்' அல்லது 'எம்' என்று இருக்கும். தாழ்ந்த கியரில் இன்ஜின் சத்தம் கூடும். அதைக் கண்டு பதற வேண்டாம். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் எண்ணெய் பம்பும் வேகமாகச் சுற்றி, கூலருக்கு அதிக எண்ணெயை அனுப்பும், வழுக்கலும் குறையும். திம்பத்தின் 27 வளைவுக்கும் ஏற்காட்டின் 20 வளைவுக்கும் கொல்லிமலையின் 70 வளைவுக்கும் முறை இதுவே.

மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. ஏறும்போது தயங்காமல் அந்த உரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவின் நடுவில் நின்று மறுபடி கிளம்புவதுதான் கியர்பாக்ஸுக்குப் பெரிய பாரம். இறங்கும்போது நீங்கள் வழிவிடுங்கள். மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி போகிறவர்களுக்கு இன்னொன்று: 2024 மே மாதம் இ-பாஸ் வந்ததிலிருந்து சோதனைச் சாவடியில் வரிசை நிற்கிறது. அங்கே ஊர்ந்து ஊர்ந்து சூடேற்றிக்கொண்டு உடனே மலை ஏறாமல், விடிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுங்கள். காற்றும் குளிர்ச்சி, கூட்டமும் குறைவு.

இறங்கும்போது பெட்ரோல் மிச்சமாகும் என்று 'என்'னில் விடுகிறார்களே?

செய்யவே கூடாது. இன்ஜின் பிடித்துக்கொள்ளும் விசை போய், பாரம் முழுவதும் பிரேக் மீது விழும். பிரேக் காய்ந்து பிடிக்காமல் போனால் பிறகு பேச ஒன்றுமில்லை. மிச்சமாகும் என்பதும் உண்மையல்ல. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் இன்றைய இன்ஜின்கள் எரிபொருளையே நிறுத்திவிடும், 'என்'னில்தான் எரிந்துகொண்டிருக்கும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

ஏசியை அணைத்தால் கியர்பாக்ஸ் குளிருமா?

கொஞ்சம் குளிரும். ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது. அது விடும் சூடான காற்றுதான் ரேடியேட்டருக்குப் போகிறது. சமவெளியில் அணைக்கத் தேவையில்லை. மலை ஏறும்போது சூடு வரம்பைத் தொட்டால் அணைத்துவிடலாம். குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் காரில் அவர்களை வேகவைத்து கியர்பாக்ஸைக் காப்பாற்ற வேண்டியதில்லை. ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் ஆறவிடுவதே நல்லது.

நிழலில் நிறுத்தினால் கியர்பாக்ஸுக்கு நல்லதா?

உட்காரும் உங்களுக்கு நல்லது. கியர்பாக்ஸுக்கு வித்தியாசமே இல்லை.

ரேடியேட்டருக்கு எங்கள் போர் தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம். அதற்கும் கியருக்கும் என்ன சம்பந்தம்?

நெருங்கிய சம்பந்தம். டார்க் கன்வெர்ட்டர், சிவிடி கார்கள் பலவற்றில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலர், ரேடியேட்டரின் ஒரு பக்கத் தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. உள்ளே எண்ணெய், வெளியே கூலன்ட், நடுவில் மெல்லிய உலோகச் சுவர். நம் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பைப் பற்றி உங்களுக்கே தெரியும்; குளியலறைக் குழாயில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பாருங்கள். அதே பொருக்கு ரேடியேட்டருக்குள் படிந்து, சூடு வெளியேறும் வழியை அடைக்கும். அதோடு உலோகத்தையும் அரிக்கும்.

காங்கேயம் பக்கத்துத் தோட்டத்துக் கார் ஒன்று நினைவுக்கு வருகிறது. சில ஆண்டுகளாகப் போர் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறார்கள். கியர் விழவில்லை என்று கொண்டுவந்தார்கள். அடித்திருகைக் கழற்றியதும் சட்டியில் விழுந்தது சிவப்பு எண்ணெய் அல்ல, ரோஸ்மில்க். நடுச்சுவர் ஓட்டை விழுந்து, தண்ணீரும் எண்ணெயும் கலந்து நுரைத்திருந்தன. கிளட்ச் தட்டுகளில் ஒட்டப்பட்ட உரசும் தாள் தண்ணீர் பட்டால் உரிந்துவிடும். அந்தக் கியர்பாக்ஸில் பாதித் தட்டுகள் மொட்டையாக இருந்தன. எண்ணெய் மாற்றிச் சரிசெய்யும் கட்டம் தாண்டிவிட்டது. முழுவதையும் பிரிக்க வேண்டியதாயிற்று.

காருக்குச் சொல்லப்பட்ட கூலன்ட்டை, கலக்கத் தேவையானால் காய்ச்சி வடித்த நீரோடு கலந்து ஊற்றுங்கள். கூலன்ட் தொட்டியின் மூடியை மாதம் ஒருமுறை, இன்ஜின் ஆறியிருக்கும் காலை நேரத்தில், திறந்து பாருங்கள். எண்ணெய்ப் படலமோ நுரையோ தெரிந்தால் காரை எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்.

ரேடியேட்டர் சுத்தமாகத்தான் தெரிகிறது. ஆனாலும் சூடாகிறதே?

முன்னால் நின்று பார்த்தால் தெரிவது கண்டென்சர். ரேடியேட்டர் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. சோமனூர், பல்லடம், திருப்பூர் பக்கத்துக் கார்களில் இரண்டுக்கும் நடுவே பஞ்சு அடைந்திருப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒருமுறை உருவியெடுத்தது தலையணை உறைக்குள் திணிக்கும் பஞ்சு போல ஒரே பாளமாக வந்தது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த் தூசி. கிராமத்துச் சாலைகளில் பூச்சியும் மண்ணும். காற்று புகாத ரேடியேட்டர் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

ஆண்டுக்கு ஒருமுறை, கத்திரி தொடங்குவதற்கு முன்னால், நடுவில் இடைவெளி விட்டுக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். வாட்டர் வாஷ் துப்பாக்கியை நெருக்கிப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி வழியையே அடைத்துவிடும். அப்போதே மின்விசிறி இரண்டு வேகத்திலும் சுற்றுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கியர் எண்ணெயை மாற்றவே வேண்டாம், வாழ்நாள் முழுவதும் போதும் என்று சொன்னார்களே?

காரோடு வந்த புத்தகத்தின் பின்பக்கத்தில் கடினமான பயன்பாடு என்று சிறிய எழுத்தில் ஒரு பகுதி இருக்கும். அதிக வெயில், நெரிசல், மலைப்பாதை, தூசி, பாரம் என்று அங்கே வரிசையாகச் சொல்லியிருப்பது கோவையின், ஈரோட்டின் அன்றாடத்தைத்தான். டார்க் கன்வெர்ட்டருக்கும் சிவிடிக்கும் 40,000 முதல் 60,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவது என் வழக்கம்; புத்தகத்தில் அதைவிடக் குறைந்த கெடு சொல்லியிருந்தால் அதன்படி. ஒருமுறை அடித்திருகைக் கழற்றினால் மூன்றில் ஒரு பங்கோ பாதியோதான் வெளியே வரும். மீதி கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். ஆகவே சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாற்றுகிறேன்.

எண்ணெயின் வகையில் சமரசம் வேண்டாம். சிவிடி எண்ணெய் வேறு, டார்க் கன்வெர்ட்டர் எண்ணெய் வேறு. ஏஎம்டியில் கியருக்கு ஓர் எண்ணெய், கிளட்சை இயக்கும் கருவிக்கு வேறோர் எண்ணெய் என்று இருக்கலாம். அளவிலும் கவனம் வேண்டும். குறைந்தால் சூடாகும் என்பது எல்லோருக்கும் தெரியும், கூடினாலும் சூடாகும். சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை சூட்டைச் சுமக்காது. பல கார்களில் அளவுக் குச்சியே கிடையாது. குறிப்பிட்ட சூட்டில், சமதளத்தில் நிறுத்தி, பக்கவாட்டுத் திருகு வழியாக வழிவதை வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். கண் மதிப்பில் ஊற்றுபவரிடம் விடாதீர்கள்.

1,30,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, எண்ணெய் மாற்றியதே இல்லை. இப்போது மாற்றினால்தான் கெட்டுவிடும் என்கிறார் மாமா. உண்மையா?

உங்கள் மாமா சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்து, வழுக்கத் தொடங்கிய பிறகுதான் பலரும் எண்ணெய் மாற்ற வருகிறார்கள். மாற்றிய மறுவாரம் கியர்பாக்ஸ் போய்விட்டால் பழி புது எண்ணெய் மீது விழுகிறது. அது முன்பே போய்க்கொண்டிருந்தது.

கொஞ்சம் எண்ணெயை வெள்ளைத் துணியில் சொட்டிப் பாருங்கள். எண்ணெயின் புது நிறம் காருக்குக் கார் மாறும். பெரும்பாலும் சிவப்பு, சில சிவிடிகளில் பச்சை. கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்து, கருகல் வாடை இல்லாமல், வண்டியும் ஒழுங்காக இழுக்கிறது என்றால், மேலே சொன்னபடி சிறிது சிறிதாக மாற்றலாம். அழுத்தத்தில் தள்ளிக் கழுவும் இயந்திரம் மட்டும் வேண்டாம். அடித்திருகின் காந்தத்தில் கண்மை போல நைசான சாம்பல் நிறக் குழைவு இருந்தால் இயல்பு. விரலில் குத்தும் செதில்கள் இருந்தால் எண்ணெய் உதவாது.

மலைப்பாதையில் எச்சரிக்கை விளக்கு எரிந்துவிட்டது. என்ன செய்வது?

பாதுகாப்பான, சமமான இடத்தில் ஒதுங்குங்கள். 'பி' இருந்தால் அதில் போட்டுக் கைப்பிரேக் இழுங்கள். டார்க் கன்வெர்ட்டரும் சிவிடியும் என்றால் இன்ஜினை அணைக்காதீர்கள். எண்ணெய் பம்பைச் சுற்றுவது இன்ஜின்தான். அணைத்த மறுகணம் எண்ணெய் ஓட்டம் நின்று, சூடு உள்ளேயே தேங்கிவிடும். ஏசியை அணைத்துவிட்டுப் பத்து, பதினைந்து நிமிடம் அப்படியே ஓடவிடுங்கள். இன்ஜினின் முள்ளும் சிவப்புக்குப் போயிருந்தால் மட்டும் அணைத்துவிட வேண்டும். ஏஎம்டிக்கும் உலர் கிளட்ச் டிசிடிக்கும் எண்ணெய்ச் சுழற்சியால் பயனில்லை. நகராமல் இருந்தாலே தட்டு காற்றில் ஆறிவிடும், அரை மணி நேரம் கொடுங்கள்.

அவசரத்தில் தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள். கொதிக்கும் வார்ப்பு உலோகத்தில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். ரேடியேட்டர் மூடியைத் திறப்பது அதைவிட ஆபத்து; முகம் வெந்துவிடும். விளக்கு அணைந்தபின் வண்டியை எடுக்கலாம். அதே பயணத்தில் மறுபடி எரிந்தால் பயணத்தை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வண்டி நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரலாமா?

கூடாது. இன்ஜின் ஓடாதபோது எண்ணெய் பம்ப் ஓடாது என்று சற்று முன்னால் சொன்னேன். ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருண்டால் கியர்பாக்ஸின் உள்பாகங்கள் எண்ணெய் இல்லாமல் சுற்றும். தண்ணீர் இல்லாத போர்வெல் மோட்டாரின் கதைதான். சத்தியமங்கலத்தில் சாதாரண மின்கோளாறில் நின்ற ஒரு காரை உறவினர்கள் டிராக்டரில் கட்டிக் கோபி வரை இழுத்து வந்தார்கள். கோளாறு ஒரு சிறிய வயரில் இருந்தது. அதைச் சரிசெய்த பிறகு பார்த்தால் கியர்பாக்ஸ் இறுகிப்போயிருந்தது. மேலே ஏற்றிச் செல்லும் வண்டியை வரவழையுங்கள். அது கிடைக்காவிட்டால் முன்சக்கரத்தால் ஓடும் காரின் முன்பக்கத்தைத் தூக்கி, பின்சக்கரம் மட்டும் உருளும்படி கொண்டுவரலாம்.

தனியாக ஒரு கூலர் வாங்கிப் பொருத்தினால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடுமா?

ஏஎம்டிக்கும் உலர் கிளட்ச் டிசிடிக்கும் கூலர் எதையும் செய்யாது, காசு வீண். டார்க் கன்வெர்ட்டருக்கும் சிவிடிக்கும் பயன் உண்டு, ஆனால் எல்லோருக்கும் தேவையில்லை. வாரம் இரண்டு முறை மலை ஏறும் வாடகைக் கார், டிரெய்லர் இழுக்கும் கார் என்றால் பொருத்தலாம். மற்றவர்களிடம் நான் முதலில் கேட்பது: பஞ்சு எடுத்தாயிற்றா, விசிறி சுற்றுகிறதா, எண்ணெய் எப்போது மாற்றியது? இந்த மூன்றையும் சரிசெய்த பிறகு கூலர் கேட்டு வந்தவர்கள் மிகக் குறைவு.

பொருத்துவதானால் ரேடியேட்டருக்குள் உள்ள கூலரைத் துண்டித்துவிடாமல், அதிலிருந்து வெளிவரும் எண்ணெய் புதுக் கூலருக்குப் போகும்படி இணைக்க வேண்டும். வாரண்டி இருக்கும் காராக இருந்தால் கையை வைக்கும் முன் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் நன்றாக ஓடுகிறது. மதியம் சூடானபின் மட்டும் 'டி'யில் போட்டு இரண்டு விநாடி கழித்துத்தான் இழுக்கிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் சரியாக இருக்கிறது. ஏன்?

எண்ணெய் சூடானால் நீர்த்துப்போகும். ஆறியிருக்கும்போது கெட்டியாக இருப்பதால், தேய்ந்த சீல்களின் இடுக்கிலும் அழுத்தம் நிற்கிறது. நீர்த்ததும் அந்த இடுக்கு வழியே அழுத்தம் கசிந்து, கிளட்ச் பிடிக்கத் தாமதமாகிறது. பிடிக்கும் வரை வழுக்கல், வழுக்கலால் இன்னும் சூடு, சூட்டால் எண்ணெய் இன்னும் நீர்மை. ஒன்றை ஒன்று வளர்க்கும் நோய் இது.

வண்டியை இரவே பட்டறையில் விட்டுக் காலையில் பார்க்கச் சொல்லாதீர்கள். வெயிலில் ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு நேராகப் போங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஸ்கேனரை மாட்டியபடியே எண்ணெயின் சூட்டையும் கிளட்ச் வழுக்கலையும் பார்க்கச் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே பிடித்தால் எண்ணெய் அளவு, வடிகட்டி, வால்வுப் பகுதி என்ற அளவில் முடியலாம். மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு வந்தால் முழுவதும் பிரிக்க வேண்டியிருக்கும்.

பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று விலைக்கு வருகிறது அண்ணா. சூட்டில் அடிபட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காலையில் போய்ப் பார்க்காதீர்கள். முந்தைய கேள்வியைப் படித்தவர்களுக்குக் காரணம் புரியும். மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். குறைந்தது 40 நிமிடம், ஏசி போட்டு, நெரிசல் உள்ள தெருக்கள் வழியாக ஓட்டுங்கள். பிறகு ஒரு மேட்டில் நிறுத்தி, பிரேக்கை அழுத்தியபடி 'என்'னிலிருந்து 'டி', 'என்'னிலிருந்து 'ஆர்' (ரிவர்ஸ்) என்று மாற்றிப் பாருங்கள். ஒரு விநாடிக்குள் மெல்லிய அசைவோடு பிடிக்க வேண்டும். அதே மேட்டில் பின்னோக்கி ஏற்றுங்கள். அதிர்வோ இழுக்கத் தயக்கமோ இருந்தால் விட்டுவிடுங்கள். இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் டீ குடித்துவிட்டு மறுபடி எடுத்து இதையே திரும்பச் செய்யுங்கள்.

எண்ணெய் மாற்றிய பில் கேளுங்கள். 80,000 கிலோமீட்டர் ஓடியும் பில் இல்லை என்றால், அடித்திருகைக் கழற்றி ஒரு கரண்டி எண்ணெய் எடுத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். செலவை நீங்களே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லுங்கள். அதற்கும் விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் முன்பணம் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.